தண்டவாளமா, தார்ச்சாலையா?

சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். ரயிலா, காரா என்று பண்டிகைக்குப் பண்டிகை வீட்டில் எழும் விவாதத்தில் பணத்தைப் பேசுகிறோம், நேரத்தைப் பேசுகிறோம். வண்டி ஓட்டுகிறவரின் தூக்கத்தை யாரும் பேசுவதில்லை.

நவம்பர் 13, காலை 8 மணி. வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் தென்மாவட்டத்துக்காரர்கள் குடியிருக்கும் வீடுகளில் அந்த நிமிடம் அடுப்பில் பால் பொங்கினாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஆளுக்கொரு செல்போன், மேஜையில் ஒரு லேப்டாப். ரயிலில் 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு என்பது 2024 நவம்பர் 1 முதல் உள்ள நடைமுறை. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. அந்தக் கணக்குப்படி, பொங்கலுக்காக ஜனவரி 12 இரவு ஊருக்குக் கிளம்ப நினைப்பவருக்கு நவம்பர் 13 காலைதான் முகூர்த்தம். நெல்லை, கன்னியாகுமரி, பொதிகை, முத்துநகர், அனந்தபுரி என்று தெற்கே போகும் வண்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது. பணம் கட்டி நிமிர்வதற்குள் 'வெயிட்டிங் லிஸ்ட்'.

அப்போது வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: "விடு, கார்லயே போயிரலாம்."

அந்த ஒரு வரியில் 600 கிலோமீட்டர் பயணம் முடிவாகிவிடுகிறது. யார் ஓட்டப்போகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புவது, கிளம்பும்போது அவர் தூங்கி எழுந்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ரயில் கைவிட்டதால் காரில் ஏறுகிறோம். பிறகு அதையே நம்முடைய தேர்வு என்று சொல்லிக்கொள்கிறோம்.

நானும் அப்படி ஏறியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நெருக்கத்தில் ஓர் இரவு. கிளம்பும் முன் ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னாள்: "எய்யா, ராத்திரியில காரெடுக்காத. விடிஞ்ச பொறவு கெளம்பு. தீவாளி எங்கயும் ஓடிப் போயிராது." நான் கேட்கவில்லை. அன்று காலை 6 மணிக்கு எழுந்து, அலுவலகம் போய், மாலையில் மூட்டை கட்டி, இரவு 10 மணிக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூரைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. பரனூர் சுங்கச்சாவடியில் மறுபடி வரிசை. விழுப்புரம் தாண்டியதும் சாலை காலியாகி, காருக்குள் பேச்சும் அடங்கியது. மனைவி, பிள்ளைகள், பின்சீட்டில் மாமியார், எல்லோரும் உறங்கிவிட்டார்கள்.

பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஓரிடத்தில், கார்ச் சக்கரம் சாலையோரக் கோட்டின் மேல் ஏறித் தடதடத்தது. அந்தச் சத்தத்தில் விழித்தேன். விழித்தேன் என்றால், அதற்கு முன் தூங்கியிருக்கிறேன். கண் திறந்தே இருந்ததாகத்தான் எனக்கு நினைவு. அடுத்து வந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டி, விடியும்வரை அங்கேயே கிடந்தேன். காரில் இருந்த யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்களிடம் நான் சொல்லவும் இல்லை. இப்போது, இந்தப் பக்கத்தில்தான் சொல்கிறேன்.

பதினேழாவது மணி நேரம்

அன்று எனக்கு நடந்ததற்குப் பெயர் உண்டு: நுண்ணுறக்கம். சில நொடிகள் மூளை தானாக அணைந்து மீளும். அணைந்தது நமக்கே தெரியாது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி என்றால் 100 மீட்டர். கோயில் தேர் ஓடும் ஒரு வீதியின் நீளத்தை ஓட்டுநர் இல்லாமலே கார் கடந்துவிடும்.

தூக்கம் கெட்டு ஓட்டுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் ஏறத்தாழ ஒன்றே என்பது வெறும் எச்சரிக்கை வாசகம் கிடையாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று 1990-களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் நிறைகிறது. பொங்கலுக்குப் புறப்பட்டவர் அப்போதுதான் செங்கல்பட்டைத் தொட்டிருப்பார். ஒரு சொட்டும் குடிக்காதவர்தான். ஆனாலும் சட்டம் வரைந்த கோட்டைத் தாண்டியவரின் நிலைமையில் இருக்கிறார். காவலர் நீட்டும் கருவியில் ஊதினால் மது தெரியும். தூக்கம் தெரியாது.

பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணிவரை உடம்பின் கடிகாரம் அடிமட்டத்தில் ஓடும். சென்னையில் 10 மணிக்குக் கிளம்பியவர் அந்த நேரத்தில் பெரம்பலூருக்கும் மேலூருக்கும் நடுவில் இருப்பார். நீண்டு கிடக்கும் நான்குவழிச் சாலை, ஒரே சீரான இன்ஜின் சத்தம், ஏசிக் குளிர், சுற்றிலும் உறங்கும் குடும்பம். தூங்க வைப்பதற்கென்றே ஜோடித்ததைப் போல இருக்கும். விளக்கில்லாமல் ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தால் அதைக் காண்பதற்கும் பிரேக்கை அழுத்துவதற்கும் இடையே கிடைப்பது ஓரிரு நொடிதான். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடம் தாக்குப்பிடிக்க உதவலாம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே.

ரயில் இன்ஜினை எண்ணிப் பாருங்கள். லோகோ பைலட்டோடு துணை லோகோ பைலட் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். வழியில் ஆள் மாறுவார்கள். அதற்கும் மேல் 'விஜிலன்ஸ் கன்ட்ரோல்' என்றொரு கருவி இன்ஜினில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓட்டுநரின் கை எதையும் தொடவில்லை என்றால் விளக்கு எரியும், பிறகு மணி ஒலிக்கும், அதற்கும் பதில் இல்லையென்றால் வண்டி தானாகப் பிரேக் போட்டு நிற்கும். தங்களுக்கு ஓய்வு போதவில்லை என்று லோகோ பைலட்டுகளின் சங்கங்கள் நெடுநாளாகக் குறை சொல்லிவருகின்றன. அது தீர்க்கப்பட வேண்டிய குறை. ஆனால் ரயிலில் இருப்பது, மனிதன் தூங்கிவிடக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய ஏற்பாடு. நம் காரில் பெரும்பாலும் அப்படி ஏற்பாடு எதுவும் இருப்பதில்லை. எனக்கு வாய்த்தது சாலையோரக் கோட்டின் தடதடப்பு மட்டும்தான்.

ஒரு பேருந்து நிறைய மனிதர்கள்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு நடந்த விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம்தான். நாளொன்றுக்கு 49 பேர். ஒரு பேருந்தில் உட்கார்ந்து போகும் அத்தனை பேரும் தினந்தோறும் வீடு திரும்பவில்லை என்று பொருள்.

ரயிலில் ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சிக்கிய விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடே கலங்கியது. அதே நாட்டின் சாலைகளில், 2022 கணக்குப்படி, சராசரியாக ஒரு நாளில் இறந்தவர்கள் 460-க்கும் மேல்.

நெல்லைக்குப் போகும் ரயில்பாதையே ஒரு பழைய துயரத்தின் மேல்தான் ஓடுகிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குத் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. ரயில் கவிழ்ந்தால் விசாரணை உண்டு, பதில் சொல்ல ஓர் அமைச்சர் உண்டு. விடிகாலையில் ஒரு கார் லாரியின் பின்னால் செருகிக்கொண்டால் ஊர்ச் சனம், "பாவம், தூங்கிட்டான் போல" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறது. அந்த 'பாவம்' என்ற சொல்லோடு நம் கேள்விகளும் முடிந்துபோகின்றன.

விபத்து நடந்த பிறகு காப்பாற்ற ஏற்பாடு இல்லாமல் இல்லை. சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைத்தது. தொடக்க விழா நடந்த மேல்மருவத்தூர், நாம் ஊருக்குப் போகும் இதே சாலையில்தான் இருக்கிறது.

ஒரே ஊருக்கு இரண்டு வழி

சென்னையிலிருந்து விழுப்புரம்வரை ரயிலும் சாலையும் அடுத்தடுத்து ஓடும். அதன் பிறகு பிரிந்துவிடும். ரயில் விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திரும்ப, சாலை உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், பாடாலூர் என்று போகும். கொள்ளிடத்தையும் காவிரியையும் இரண்டுமே கடந்தாக வேண்டும். ரயிலில் உட்கார்ந்து, இரண்டு ஆறுகளுக்கு நடுவே 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை ஜன்னல் வழியே பார்ப்பது பகல் பயணத்தின் கொடை.

திருச்சிக்குத் தெற்கே மறுபடி பிரிவு. ரயிலுக்கு மணப்பாறையும் திண்டுக்கல்லும் கொடைரோடும். காருக்கு விராலிமலையும் துவரங்குறிச்சியும் மேலூரும். மதுரையைத் தாண்டியதும் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று இரண்டும் மறுபடி அண்ணன் தம்பியாகச் சேர்ந்துகொள்ளும். ரயில்காரருக்கு மணப்பாறை முறுக்கு. கார்க்காரருக்கு நெடுஞ்சாலைக் கடைகளில் பித்தளை டபராவில் டிகிரி காபி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருவருக்கும் பொது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல், கோவில்பட்டியைத் தாண்டியதும் சாலையில் வரும். அடுத்து, 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. ரயிலோ வேறு திசையில் வளைந்து, 1911-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட மணியாச்சியில் நின்று கிளம்பும். கரிசல் மண்ணின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு பாதையிலும் இடமுண்டு. ஆனால் இரவில் காரோட்டிக்கொண்டு போகிறவர் கதை சொல்ல முடியாது; சொன்னாலும் கேட்க ஆள் விழித்திருக்காது.

நாலு பேர் கணக்கு

இரவு ரயிலில் சென்னையிலிருந்து நெல்லைக்கு ஸ்லீப்பரில் ஒருவருக்கு 400 ரூபாயை ஒட்டி வரும். மூன்றடுக்கு ஏசியில் 1,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். காரில் சுமார் 625 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 42 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாயென்று வைத்தாலும் 4,200 ரூபாய். இதற்கு மேல், பரனூரில் தொடங்கி வழியெங்கும் பத்துக்கும் மேற்பட்ட சுங்கச்சாவடிகள். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸை வாங்கியவருக்கு 200 முறை கடக்க அனுமதி. ஒரு சாவடிக்குச் சுமார் 15 ரூபாய்தான் விழும். ஆண்டுக்கு நாலைந்து முறை ஊருக்குப் போய் வருகிறவருக்கு இது பெரிய மிச்சம்.

ஆக, தனியாளுக்கும் இருவருக்கும் ரயில்தான் மலிவு. நாலு பேர் ஏசியில் போனால் டிக்கெட்டும் பெட்ரோலும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. ஐந்து பேர் என்றால் கார் முந்திவிடும். பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டாலும் முழுக் கட்டணம் என்று 2016-ல் விதி மாறியதிலிருந்து குடும்பங்களின் கணக்கு காரை நோக்கிச் சாய்ந்துவிட்டது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, மீண்டும் வரவில்லை. தாத்தா பாட்டியோடு போகும் வீட்டுக்கு அது இரட்டை அடி.

நேரக் கணக்கோ வேறு மாதிரி. இரவு ரயிலுக்குப் பத்து, பதினொரு மணி நேரம். காருக்கும் சாப்பாடு, ஓய்வு சேர்த்தால் அவ்வளவுதான். ஆனால் ரயிலின் பத்து மணி நேரம், எப்படியும் தூங்கப்போகிற இரவுக்குள் அடங்கிவிடும். இரவில் கார் ஓட்டி வந்தவர், ஊர் வந்து சேர்ந்த முதல் நாளைத் திண்ணையில் படுத்துத் தூங்கித்தான் கழிப்பார். மூன்று நாள் லீவில் ஒரு நாள் போயிற்று. 2023 செப்டம்பர் 24 முதல் ஓடும் நெல்லை வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் பகலிலேயே கொண்டுபோய்விடுகிறது. கட்டணம் கூடுதல்தான், முடிந்தவர்களுக்கு அது நல்ல வழி.

காருக்கும் நியாயம் உண்டு

ரயில் ஜங்ஷன்வரைதான் வரும். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே, கடைசிப் பேருந்து மாலையோடு நின்றுவிடும் ஊர்க்காரருக்கு, காரில்லாத பொங்கல் பாதிப் பொங்கல். குலதெய்வக் கோயில் தேரிக்காட்டில் இருக்கும். தாய்மாமன் வீடு ஒரு திசை, சம்பந்தி வீடு ஒரு திசை. திரும்பும்போது டிக்கியில் அரிசி மூட்டை, கருப்பட்டி, பனங்கிழங்குக் கட்டு என்று அம்மா ஏற்றிவிடுவதையெல்லாம் எந்த பெர்த்துக்கு அடியில் தள்ள முடியும்? படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டியை ரயில் படியில் ஏற்றுவது பெரும்பாடு. கைக்குழந்தைக்கு நினைத்த இடத்தில் நிறுத்திப் பாலூட்டலாம். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் எந்த டிக்கெட்டுக்காகக் காத்திருப்பது?

சாலையில் பெண்கள் படும் சிரமத்தையும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் சென்னையிலிருந்து மதுரைவரை வரும் பெண்கள் எத்தனையோ பேர். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு வருகிறார்கள். ரயில் கழிப்பறை சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் எழுந்து நாலு எட்டு வைத்தால் இருக்கிறது. யாரிடமும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம்.

முன்பதிவில்லாத பெட்டியில் கழிப்பறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றபடி ஊர் போகிறவருக்கு, காரா ரயிலா என்ற இந்த விவாதமே எட்டாத சொகுசு. தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு முழுதும் முன்பதிவில்லாத பெட்டிகளோடு ஓடும் அந்த்யோதயா போன்ற வண்டிகள் பண்டிகைக் காலத்தில் இன்னும் பல ஓட வேண்டும். சிறப்பு ரயில்களைக் கடைசி வாரத்தில் அறிவிக்காமல், 60 நாள் முன்பதிவு தொடங்கும்போதே அறிவிக்க வேண்டும். மூத்தோர் சலுகை திரும்ப வேண்டும். நெல்லைவரை இரட்டைப் பாதை வந்துவிட்டது. இனி வண்டிகளைக் கூட்டுவதற்குப் பாதையில்லை என்று சொல்ல முடியாது. கிடைக்காத ஒவ்வொரு பெர்த்தும் பின்னிரவுச் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓடும் ஒரு கார்.

நண்பகலில் முடிவெடுங்கள்

முன்பெல்லாம் ரயில் கிளம்புவதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்தான் சார்ட் வரும். மாலை நாலரைக்கு டிக்கெட் உறுதியாகவில்லை என்று தெரிந்து, அதே வேகத்தில் ராத்திரியே காரெடுத்தவர்கள் நம்மில் அதிகம். 2025 ஜூலை முதல் குறைந்தது எட்டு மணி நேரம் முன்பே முதல் சார்ட் வந்துவிடுகிறது. இரவு வண்டிக்கு நண்பகலிலேயே நிலைமை தெரியும். கூடுதலாகக் கிடைக்கும் இந்த நேரத்தை நம் குடும்பங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் உறுதியாகவில்லையா? அன்றிரவு காரைத் தொடாதீர்கள். சீக்கிரம் சாப்பிட்டு, ஓட்டப்போகிறவரை முதலில் படுக்கவையுங்கள். மூட்டை கட்டுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்தோடு வெளிச்சமாக ஊர் போய்ச் சேரலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கண் அழுத்தினால் ஒரு காபி குடித்துவிட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022-ல் பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தபோதுதான் விபத்தில் இறந்தார். சாவு வீட்டுக்கு இரவில் போயே தீர வேண்டும் என்றால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுங்கள். அவர் பகலில் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மூன்றாவது வழியும் உண்டு. இரவு ரயிலில் போய் இறங்கி, ஊரில் சுற்றுவதற்கு மட்டும் அங்கேயே ஒரு வண்டியை வாடகைக்குப் பேசிக்கொள்வது. நாலு பேர் ஸ்லீப்பரில் போனால் மிச்சமாகும் பெட்ரோல் காசு, அந்த வாடகையில் பெரும்பங்கைத் தாங்கும். ரயிலின் தூக்கமும் கிடைக்கும், காரின் வசதியும் கிடைக்கும்.

போன பொங்கலுக்கு நாங்கள் அப்படித்தான் போனோம். இரண்டு நாள் முன்பே கிளம்பிய பயணம். அந்த நாளில்தான் டிக்கெட் இருந்தது. ஓர் ஆர்ஏசி, மூன்று பெர்த். பையனை என்னோடு படுக்கவைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் தண்டவாளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அரியலூரும் போயிருக்கும், காவிரியும் போயிருக்கும். எதையும் நான் பார்க்கவில்லை. முன்னால் இன்ஜினில், பெயர் தெரியாத இருவர் எங்களுக்காக விழித்திருந்தார்கள்.

சாத்தூருக்குப் பக்கத்தில் வெளுக்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

"எய்யா, எங்க வந்திருக்க?"

"சாத்தூர் தாண்டுதும்மா."

"கண்ணு முழிச்சா வந்த?"

"இல்லம்மா. நல்லாத் தூங்கிட்டு வாரேன்."